மாஸ்டர் வரவில்லை என்றால் கட்டிங் நிற்கிறதா? முக்கியமான ஆட்களுக்கு மாற்று ஆள் தயார் செய்யும் முழு வழிகாட்டி

பெரிய கம்பெனிகளில் இதை சக்சஷன் பிளானிங் என்பார்கள். அதற்கென்று தனி ஆள், தனி சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. நான் எழுதுவது ஐம்பது பேரிலிருந்து முந்நூறு பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்கு. நான் இருந்தது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. அதனால் உதாரணங்கள் கட்டிங் (துணி வெட்டுவது), மெர்ச்சண்டைசிங் (பையரோடு, அதாவது ஆர்டர் கொடுப்பவரோடு பேசி ஆர்டரை நடத்துவது), அக்கவுண்ட்ஸ் என்றே வரும். ஃபவுண்டரியோ அச்சகமோ நடத்துபவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வரிசை ஒன்றுதான்.

அந்த வரிசையில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். முதல் தடவை நானும் விழுந்தேன். எக்செல்லில் இடது பக்கம் பதவி, வலது பக்கம் ‘மாற்று ஆள்’ என்று போட்டு, பிரிண்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பிரிண்டரிலிருந்து அந்தத் தாளை எடுத்தவர் கட்டிங் மாஸ்டர். ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் கூட்டி வந்திருந்த நாலு பேரும் வரவில்லை. எது நடக்கக் கூடாது என்று திட்டம் போட்டேனோ, அதைத் திட்டமே நடத்தி வைத்தது.

கீழே இருப்பது அதற்குப் பிறகு செய்து பார்த்து நின்ற வரிசை.

1. ஆரம்பிப்பதற்கு முன் என்னென்ன வேண்டும்

முதலில் ஓனரின் சம்மதம். “செய்யுங்க, பார்க்கலாம்” என்கிற சம்மதம் போதாது. மூன்று விஷயங்களுக்கு அவர் வாய்விட்டுச் சரி சொல்லியிருக்க வேண்டும். பழகும் ஆள் வாரத்தில் சில மணி நேரம் உற்பத்திக் கணக்கில் வரமாட்டார். பழக்குபவருக்கும் பழகுபவருக்கும் கொஞ்சம் பணம் கொடுக்க வேண்டி வரும். கடைசியாக, முக்கியமான ஆள் ஒருவர் பத்து நாள் போனை அணைத்துவிட்டு லீவில் இருப்பார். இந்த மூன்றாவதைச் சொல்லும்போதுதான் முகம் மாறும். அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். பாதியில் அந்தப் படி கழன்றுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

இரண்டாவது, கடந்த 12 மாத வருகைப் பதிவேடு. ஏன் என்பது அடுத்த படியில் வரும்.

மூன்றாவது, காலம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அப்போது யாரிடம் எதைப் பேசினாலும் அது போனஸ் பேச்சாகத்தான் காதில் விழும். போனஸ் கைக்கு வந்ததும் இடம் மாறுவது இங்கே பழக்கம் வேறு. பொங்கல் முடிந்து ஊருக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, ஜனவரிக் கடைசியில் தொடங்குவது நல்லது.

நான்காவது, ஒரு கோடு போட்ட நோட்டு, பூட்டு உள்ள ஒரு மேஜை டிராயர். எக்செல் வேண்டாம். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

2. பதவிகளை விடுங்கள், நின்ற வேலைகளை எழுதுங்கள்

யார் முக்கியமான ஆள் என்று ஓனரைக் கேட்டால் சம்பளம் அதிகம் வாங்குபவர்களைச் சொல்வார். மேனேஜரைக் கேட்டால் தனக்கு வேண்டியவர்களைச் சொல்வார். இருவரையும் கேட்காமல் பதிவேட்டைக் கேளுங்கள்.

ஒவ்வொருவரும் லீவு போட்ட நாட்களைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் என்ன நின்றது என்று லைன் சூப்பர்வைசரிடமும் பேக்கிங் ஆட்களிடமும் விசாரியுங்கள். தேதியைச் சொல்லிக் கேட்டால் ஞாபகம் வரும். “அன்னிக்குத்தானே சார், டையிங்கிலிருந்து வந்த துணியை ஷேட் பார்க்க ஆளில்லாம ரெண்டு நாள் அப்படியே கிடந்துச்சு” என்பார்கள். அந்த ஷேட் (நிறம் ஒத்துப்போகிறதா என்று) பார்க்கும் ஆளின் பெயர் எந்தப் பதவிப் பட்டியலிலும் மேலே இருக்காது.

இன்னொரு வழி, ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் போன் போகிறது என்று பார்ப்பது. எங்கள் கம்பெனியில் அதிகம் போன் போனது வேன் டிரைவருக்கு. வெளியில் கூலிக்கு வேலை செய்து தரும் எந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் எவ்வளவு பீஸ் கிடக்கிறது, துணி பின்னால் சுருங்காமல் அழுத்தித் தரும் எந்த காம்பேக்டிங் யூனிட்டில் யாரிடம் சொன்னால் நம் துணி முன்னால் ஏறும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சம்பளப் பட்டியலில் அவர் கடைசியிலிருந்து நாலாவது.

பெயர்கள் கிடைத்ததும் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு எண் எழுதுங்கள். அவர் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் வேலை நிற்கும்? அந்த வேலைக்கு இன்னொருவரைத் தயார் செய்ய எத்தனை மாதம் ஆகும்?

மெக்கானிக் வரவில்லை என்றால் ஓவர்லாக் மிஷின் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் ஓடும். கட்டிங் மாஸ்டர் விஷயம் வேறு. அரை நாளில் வேலை நிற்கும், ஆள் தயாராக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அக்கவுண்டன்ட் இல்லாதது 20ஆம் தேதி வரை யாருக்கும் தெரியாது. ஜி.எஸ்.டி.ஆர்-3பி (மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) கட்ட வேண்டிய அன்றைக்குத்தான் தெரியும்.

சீக்கிரம் நிற்பது, தயார் செய்ய நாளாவது, வெளியில் கிடைக்காதது. மூன்றும் சேர்ந்து வரும் பெயர்களிலிருந்து மூன்றே மூன்று எடுங்கள். பத்துப் பேருக்கு ஒரே சமயத்தில் தொடங்குவது இங்கே நான் அதிகம் பார்த்த தவறு. ஒரு மாதம் எல்லாரும் ஓடுவார்கள், ஷிப்மென்ட் நெருக்கடி வந்ததும் பத்தும் ஒன்றாக நின்றுவிடும்.

3. யாரிடமும் பேசுவதற்கு முன் சாவிகளைக் கம்பெனி பெயருக்குக் கொண்டுவாருங்கள்

சாவி என்றால் பூட்டுச் சாவி மட்டும் இல்லை. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. வரும் நம்பர், பேட்டர்ன் அட்டை (துணி வெட்டுவதற்கான அளவு அட்டை), பையரின் மெயில் போய்ச் சேரும் முகவரி எல்லாம் சாவிதான். சின்னக் கம்பெனிகளில் இதில் பாதி ஏதோ ஒரு ஊழியரின் சொந்தப் போனில் இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆரம்பித்த அன்றைக்கு யார் பக்கத்தில் இருந்தாரோ அவர் நம்பரைக் கொடுத்திருப்பார்கள்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? “உங்களுக்கு மாற்று ஆள் பழக்கப் போகிறோம்” என்று சொன்ன பிறகு பாஸ்வேர்டு கேட்டால் அது சந்தேகம். சொல்வதற்கு முன்னால், எல்லாரிடமும் ஒரே வாரத்தில், ஓனரில் தொடங்கிக் கேட்டால் அது ஒழுங்கு. அதே கேள்விதான், நாள்தான் வேறு. ஓனரின் பெயரைப் பட்டியலில் முதலில் போடுங்கள். பேங்க் டோக்கன் அவர் சட்டைப்பையில் இருக்கும், அவர் வெளிநாடு போனால் சம்பளம் போடவே முடியாது. அவரே முதலில் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை இவை.

ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பதிவான மொபைலும் மெயிலும். கையொப்ப அதிகாரம் பெற்றவரின் நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். அது முன்னாள் அக்கவுண்டன்ட் நம்பராக இருந்து, அவர் சிம்மையும் மாற்றிவிட்டால், ரிட்டர்ன் போடும் நாளில் கையைப் பிசைய வேண்டியதுதான். கையொப்ப அதிகாரிகளைச் சேர்ப்பது ‘நான்-கோர்’ (அடிப்படை விவரம் அல்லாத) திருத்தத்தில் வருகிறது, அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பேரையாவது சேர்த்து வையுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. போர்ட்டல்கள். இரண்டுக்கும் மாதம் 15ஆம் தேதி கெடு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யார் மேஜையில் கிடக்கிறது, அது எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஐ.இ.சி. கோடு (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண்). ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும். விட்டால் கோடு முடங்கும். இது ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கும் தேதிகளில் ஒன்று.

பையர் மெயில். மெர்ச்சண்டைசர் தன் சொந்த ஜிமெயிலில் பேசிக்கொண்டிருந்தால் இன்றைக்கே கம்பெனி டொமைனுக்கு மாற்றுங்கள். கூடவே ஒரு பொது முகவரி வைத்து, எல்லா மெயிலிலும் அதை நகலில் போடச் சொல்லுங்கள். ஷேட் ஒப்புதல், சைஸ் மாற்றம் எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிந்துபோவதால், ‘சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய ஒப்புதல்களை ஒரு மெயிலாகப் போடுவது’ என்ற வழக்கத்தையும் இப்போதே தொடங்கலாம்.

பேட்டர்ன். அட்டைகள் மாஸ்டர் அறையில் தொங்கும். ‘இது நான் போட்டது’ என்ற எண்ணம் அவருக்கு இருக்கும், அதில் நியாயமும் உண்டு. பிடுங்கப் போகாதீர்கள். ஸ்டைல் நம்பர், சைஸ், தேதி, எந்தத் துணிக்குப் போட்டது என்று ஒவ்வொரு அட்டையிலும் எழுதி, கம்பெனி சீல் வைத்து, ஸ்கேல் பக்கத்தில் இருக்கப் போட்டோ எடுங்கள். அட்டை அவர் அறையிலேயே தொங்கட்டும்.

இந்தப் படிக்கு மூன்று வாரம் ஆகும். வேறு எதையுமே செய்யாமல் இதோடு நின்றாலும் பாதி ஆபத்து போய்விடும்.

4. மூத்தவரிடம் முதலில் பேசுங்கள்

பழகப் போகும் பையனிடம் முதலில் பேசுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அவன் அன்று இரவே ரூமில் சொல்வான். மறுநாள் காலையில் மாஸ்டருக்கு விஷயம் வேறு உருவத்தில் போய்ச் சேரும்.

பேச்சை ஆபீஸ் அறையில் வைக்காதீர்கள். உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாலே திருப்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டிங் டேபிள் பக்கத்திலேயே, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் பேசலாம். இரண்டாவது தடவை, வேறு ஒரு மாஸ்டரிடம், நான் சொன்னது ஏறத்தாழ இப்படி:

“மாஸ்டர், போன வருஷம் உங்க பொண்ணு கல்யாணத்துக்கே நாலு நாள்தான் லீவு போட்டீங்க. அதுலயும் தினம் பத்து தடவை போன் பண்ணோம். இப்படியே ஓட்ட முடியாது. உங்க வேலை உங்களோடதுதான், சம்பளத்துல ஒரு ரூபா குறையாது, அதை எழுதியே தரேன். உங்க கைப்பழக்கம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இங்க இருக்கணும். யாரை வெச்சா சரியா வரும்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “பழக்கி விட்ட பிறகு ரெண்டு பேர் எதுக்குன்னு கேப்பாங்களே சார்?” என்றார். எல்லா மூத்தவர்கள் மனசிலும் இருப்பது இந்த ஒரு கேள்விதான். இதற்கு உங்களிடம் நிஜமான பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எங்களிடம் இருந்த பதில்: சாம்பிள் கட்டிங், துணி வாங்கும்போது தரம் பார்ப்பது, புது ஸ்டைலுக்கு கன்சம்ப்ஷன் (ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கு) போடுவது ஆகிய மூன்றும் அவரிடம் போகும். தினசரி லே விரிக்கும் (வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காகப் போடும்) வேலை மட்டும் மெல்ல மெல்லக் கைமாறும். அதாவது அவர் மேலே ஏறுகிறார். அதை ஒரு கடிதமாகவே கொடுத்தோம். வாய்ப்பேச்சு மேனேஜர் மாறும்வரைதான் நிற்கும்.

‘ரிடையர்மென்ட்’ என்ற சொல் அந்தப் பேச்சில் வரவே கூடாது. உடம்பு, வயசு, இவையும் கூடாது.

5. பழகும் ஆளைத் தேர்வது

மூத்தவர் இரண்டு பெயர் சொல்லட்டும், நீங்கள் இரண்டு பெயர் வைத்திருங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அவர் சொன்னதில் ஒருவரை எடுங்கள். அவருக்குப் பிடிக்காத ஆளுக்கு அவர் சொல்லிக்கொடுக்க மாட்டார். சொல்லிக்கொடுப்பது போலக் காட்டுவார், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

வேகமாகத் தைக்கும் டெய்லர் நல்ல சூப்பர்வைசர் ஆவார் என்று நினைப்பது பழைய மயக்கம். பீஸ் ரேட்டில் வேகமாகச் சம்பாதிப்பவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றினால் அவருக்கு நஷ்டம், உங்களுக்கும் ஒரு நல்ல டெய்லர் போய்விடுவார். நான் பார்ப்பது வேறு. தப்பு வந்தால் ஒளித்து வைக்காமல் எடுத்து வந்து காட்டுகிறாரா? ‘எப்படி’ என்று கேட்பதோடு ‘ஏன்’ என்றும் கேட்கிறாரா? ஓனரின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரை உள்ளே விட்டால், அவரிடம் உண்மையைச் சொல்ல மூத்தவருக்கு வாய் வராது.

செக்கிங்கில் வருஷக்கணக்காக இருக்கும் பெண்களை யாரும் இந்தப் பட்டியலில் யோசிப்பதே இல்லை. பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள், சீசனுக்குச் சீசன் இடம் மாறாதவர்கள். எங்கள் ஷேட் பார்க்கும் வேலைக்குக் கடைசியில் அமைந்தவர் அப்படி ஒரு அக்காதான்.

தேர்ந்தெடுத்த ஆளிடம் விருப்பமா என்று கேளுங்கள். சிலருக்கு வேண்டாம். நேரத்துக்கு வீடு போக வேண்டும் என்பது நியாயமான காரணம்.

அப்புறம் பாண்டு. “பழகிவிட்டு வேறு கம்பெனிக்குப் போக மாட்டேன்” என்று எழுதி வாங்கும் ஆசை எல்லா ஓனருக்கும் வரும். வேலையை விட்ட பிறகு இதே தொழிலில் வேறு எங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி செல்லாது. குறிப்பிட்ட காலம் வேலை செய்யாமல் போனால் பயிற்சிச் செலவுக்கு ஈடாக நியாயமான ஒரு தொகை தர வேண்டும் என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட ஒரு நிபந்தனையை 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டிங் டேபிளில் பழகும் பையனிடம் இரண்டு லட்சம் என்று எழுதி நீட்டினால் அவன் அன்றைக்கே போய்விடுவான். பாண்டை விட எட்டாம் படி நன்றாக வேலை செய்யும்.

6. கைமாற்றுவது: எழுதச் சொல்லாதீர்கள், கூட நிற்க வையுங்கள்

“மாஸ்டர், உங்க வேலையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்க.” இதில் ஆரம்பிப்பவர்கள் இதிலேயே முடிந்துபோகிறார்கள். எழுதுவது அவர் தொழில் இல்லை. எழுதினாலும் எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் எழுதுவார். தெரியாததை அவர் கை செய்கிறது. அது தனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். அரைக்கை டி-சர்ட் ஒன்றுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்ற சூத்திரம் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்கும். உடம்பு நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. அரை மார்பு 52, அதற்குச் சேர்ப்பது 4, மொத்தம் 56. 104-ஐ 56-ஆல் பெருக்கி, முன்னும் பின்னும் இருப்பதால் 2-ஆல் பெருக்கி, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 160-ஆல் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் சுமார் 186 கிராம். பழகும் பையன் இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வான்.

அதற்கு மேல் சேதாரம் எத்தனை சதவீதம் போடுவது? இங்கேதான் மாஸ்டர் இருக்கிறார். இந்த டையிங் யூனிட் துணி ஓரத்தில் சுருண்டு வரும், கொஞ்சம் கூடப் போடு. இந்த டயாவில் (துணியின் அகலம்) இந்த சைஸ் விகிதத்துக்கு மார்க்கர் (பேட்டர்ன்களைத் துணிமேல் அடுக்கும் வரைபடம்) இடம் விடாது, அந்த டயாவில் நெருக்கமாக உட்காரும். இந்தத் துணி இன்னும் அடங்கவில்லை, இன்று வெட்டினால் துவைத்ததும் பக்கவாட்டில் முறுக்கும். விரித்துப் போடு, நாளைக்கு வெட்டலாம். லைக்ரா கலந்ததென்றால் ஒரு நாளாவது உதறிப் போட வேண்டும். இதையெல்லாம் அவர் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார். சேதாரத்தில் இரண்டு சதவீதம் தவறினால், பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் துணி குறையும். மறுபடி அதே ஷேடில் துணி வாங்குவது என்ன பாடு என்று இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரி அறிவை மாற்ற நாலு கட்டம் தேவை.

முதல் கட்டம், மூத்தவர் செய்வார், இளையவர் பக்கத்தில் நிற்பார். கை வைக்கக் கூடாது, கேள்வி கேட்கலாம். இரண்டு வாரம்.

இரண்டாம் கட்டம், முடிவை இளையவர் முதலில் சொல்வார், காரணத்தோடு. “இதுக்கு ஆறு பர்சன்ட் போடலாம் மாஸ்டர், ஓரம் சுருளுது.” மூத்தவர் தன் எண்ணைச் சொல்வார். இரண்டு எண்ணையும் இளையவர் தன் நோட்டில் எழுதுவார், வேலை முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதையும். மூன்று எண், ஒரு வரி. நாங்கள் இதை ‘தப்பு நோட்டு’ என்றோம். மூன்று மாதத்தில் எண்பது வரி சேர்ந்தது. மாஸ்டரிடம் கேட்டு வாங்க முடியாத புத்தகம் அப்படித்தான் தானாக எழுதப்பட்டது. இந்தக் கட்டத்தை அவசரப்படுத்த வேண்டாம். மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் கட்டம், இளையவர் செய்வார், மூத்தவர் பார்த்துக்கொண்டு நிற்பார். துணி வீணாகப் போகும் நிலை வந்தாலொழிய வாய் திறக்கக் கூடாது. மூத்தவர்களுக்கு இது மிகவும் கஷ்டமான கட்டம். எங்கள் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சின்ன ஆர்டர்களில் தொடங்குங்கள், அடிக்கும் நிறம் வேண்டாம், வெள்ளை அல்லது கறுப்பு.

நான்காம் கட்டம், மூத்தவர் வேறு கட்டிடத்தில் இருப்பார். சாம்பிள் ரூம் அதற்குச் சரியான இடம்.

மெர்ச்சண்டைசருக்கு இதே நாலு கட்டம்தான், ஆனால் கூடுதலாக ஒன்று. அவரிடம் இருப்பது உறவுகள். பையரிடம் இளையவரை அறிமுகப்படுத்துவது சாம்பிள் கட்டத்தில் நடக்க வேண்டும். ஷிப்மென்ட் தாமதமாகிக் கோபத்தில் இருக்கும்போது புதுப் பெயரில் மெயில் போனால், பழைய ஆள் ஓடிவிட்டார் என்றுதான் பையர் நினைப்பார். டையிங், நிட்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு மெயில் வேலைக்காகாது. மூத்தவர் கூடவே வண்டியில் போய், அங்கே டீ குடித்து, “இனிமே இந்தத் தம்பி வருவாப்ல, நான் வந்த மாதிரி நினைச்சுக்கங்க” என்று சொல்ல வேண்டும். மூன்று தடவையாவது சேர்ந்து போகட்டும்.

அக்கவுண்டன்ட் வேலைக்கு மட்டும் எழுத்துப் பட்டியல் நன்றாக உதவும், அது தேதிகளின் வேலை என்பதால். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி 3பி என்று சுவரிலேயே ஒட்டிவிடலாம். டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப்பை வாரம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்க்கும் வேலையை இளையவரிடம் கொடுங்கள். எடுக்கிறோம் என்று சொல்லப்படும் பேக்கப் திறக்குமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

7. லீவு சோதனை

பழகியாகிவிட்டது என்று இருவரும் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாள், அப்புறம் மூன்று நாள், அப்புறம் பத்து நாள் என்று மூத்தவரைச் சம்பளத்தோடு லீவில் அனுப்புங்கள். ஒரு நாள் லீவை யாராலும் சமாளிக்க முடியும், வேலையைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். மூன்று நாளில் தள்ளிப்போட்டது முட்டும். பத்து நாளில் ஒரு துணி உள்ளே வந்து, வெட்டி, லைனுக்குப் போய், குறை தெரிந்து திரும்பியே வந்துவிடும். முழுச் சுற்று அதில்தான் தெரியும்.

ஷிப்மென்ட் வாரத்தில் வைக்க வேண்டாம். வேலையே இல்லாத வாரத்திலும் வேண்டாம், அது சோதனையே இல்லை.

போன் அணைத்திருக்க வேண்டும். நிஜமாகவே தீப்பிடித்தால் பேச ஒரே ஒருவருக்கு மட்டும் வீட்டு நம்பர் தெரியட்டும். யாருக்கு எப்போது மாஸ்டரைக் கூப்பிடத் தோன்றியதோ, அதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல்தான் இன்னும் கைமாறாத வேலைகளின் பட்டியல்.

எங்கள் முதல் பத்து நாள் சோதனை நாலாம் நாளே உடைந்தது. உடைத்தது பையன் இல்லை. ஓனர், “எப்படி இருக்கீங்க மாஸ்டர்” என்று விசாரிக்கிற சாக்கில் மாஸ்டர் மனைவியின் போனுக்கே கூப்பிட்டு, காலர் ரிப் பற்றிக் கேட்டுவிட்டார். மறுபடி முதல் நாளிலிருந்து வைத்தோம்.

8. பணம்

மூன்று நாள் சோதனை தாண்டியதும் இளையவருக்குச் சம்பளத்தில் பாதி உயர்வு, பத்து நாள் தாண்டியதும் மீதி. இதைப் பழகத் தொடங்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். பழகி முடிந்த ஆளுக்குப் பழைய சம்பளமே தொடர்ந்தால், நீங்கள் பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் பழக்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வருஷ இன்கிரிமென்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூத்தவருக்கும் அதே இரண்டு தேதிகளில் ஒரு தொகை. பையன் தேறினால் தனக்கும் லாபம் என்று ஆகும்போது மூன்றாம் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எளிதாகிவிடும்.

9. முக்கியமான ஆள் ஏற்கெனவே பேப்பர் போட்டுவிட்டால் (ராஜினாமா கொடுத்துவிட்டால்)

பலர் இதைத் தேடி வருவதே அந்த நிலையில்தான். முப்பது நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழக்குவதற்கெல்லாம் நேரம் இல்லை, வரிசை மாறும்.

முதல் வாரம் சாவிகள், மூன்றாம் படி முழுவதும். இரண்டாம் வாரம் ஆட்கள்: அவர் யார் யாரிடம் பேசுகிறாரோ அவர்களிடமெல்லாம் நேரில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் பாதியில் இருக்கும் வேலைகள், ஆர்டர் ஆர்டராக: எது வெட்டியாச்சு, எது ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, எதில் பிரச்சினை மறைந்து கிடக்கிறது. நான்காம் வாரம் அவரைச் சும்மா உட்கார வைத்து, மற்றவர்கள் வேலை செய்யட்டும். கேள்விகள் அப்போதுதான் வரும்.

கணக்கை முடிப்பதில் இழுத்தடிக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தானாக விலகியவருக்கும் ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சட்டத்தை விடுங்கள், போன மாதச் சம்பளத்துக்கு அலையவிட்ட கம்பெனியின் போனை யார் எடுப்பார்கள்? போகும்போது இரண்டு மாதத்துக்கு, வாரம் ஒரு மணி நேரம் போனில் கேட்டுக்கொள்ளலாமா, அதற்கு இவ்வளவு தருகிறோம் என்று பேசி வையுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

10. எப்போது மறுபடி பார்ப்பது

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் லீவு முடிந்த இரண்டாவது வாரம். ஊரிலிருந்து யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். புதுப் பதிவேட்டை எடுத்து இரண்டாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள். நடுவில் புது மிஷின் வந்தாலோ, புது பையர் சேர்ந்தாலோ அப்போதும் ஒருமுறை, ஏனென்றால் அதைக் கையாளக் கற்றுக்கொண்ட முதல் ஆள்தான் அடுத்த பட்டியலின் முதல் பெயர். நோட்டை அதே பூட்டுள்ள டிராயரில் வையுங்கள். இரண்டாவது சாவி ஓனரிடம் இருக்கட்டும்.